காலி வீட்டுக்கு ஓர் ஆள்

சொந்த வீட்டு வாசலில் வைத்து, அந்த வீட்டில் ஓசியில் படுத்துக் கிடப்பவன் கையால் அறை வாங்கிய மனிதரைப் பார்த்திருக்கிறீர்களா? இதோ, கண்ணாடிக்காரரைப் பார்த்துக்கொள்ளுங்கள். இடது கன்னத்தில் விரல்கள் பதிந்திருக்கின்றன. மூக்குக் கண்ணாடி தெறித்துப்போய் வாசற்படிக்குக் கீழே சாக்கடை ஓரமாக விழுந்திருக்கிறது. ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடுகிற மனிதர், தன் கண்ணாடியைத் தேடித் தரையைத் தடவிக்கொண்டிருக்கிறார். அறைந்தவன் கதவுநிலையில் சாய்ந்து நின்று பல் குத்திக்கொண்டிருக்கிறான்.

"இன்னொரு தடவை காலி பண்ணு காலி பண்ணுன்னு வந்து நின்னீங்கன்னா, அடுத்தது கன்னத்துல விழாது சார்," என்றான். சார் என்கிற மரியாதையை மட்டும் விடவில்லை. அடித்துவிட்டு சார் போடுகிறவனை என்னவென்று சொல்வது!

அவன் ஒரு பெயின்டர். சுவருக்குச் சாயம் பூச வந்தவன் வீட்டுக்காரரையே கைநீட்டி அடிக்கிற அளவுக்கு எப்படி வளர்ந்தான் என்று கேட்டால், வளர்த்துவிட்டது சாட்சாத் நம் கண்ணாடிக்காரர்தான்.

வீடு அவருடைய பெரியப்பாவுடையது. பெரியப்பா கல்யாணம் காட்சி எதுவும் செய்துகொள்ளாதவர். கண்ணை மூடியபோது வீடு தம்பி மகனுக்கு வந்தது. முன்னால் ஒரு கூடம், பக்கத்தில் படுக்கையறை, பகலிலும் விளக்குப் போடவேண்டிய ஒரு சமையலறை, பின்கட்டில் சிமென்ட் தொட்டியும் துவைக்கிற கல்லும். கேட்டைத் திறந்தால் தெருவே திரும்பிப் பார்க்கும், அப்படி ஒரு கிறீச்சல். கண்ணாடிக்காரரும் அவர் மனைவியும் தங்கள் கண்ணாடிக் கடைக்கு மேலே மாடியிலேயே குடியிருந்தார்கள். அவர்களுக்கு அது போதும். "பூட்டிப் போட்டா கரையான்தான் திங்கும், வித்துடுங்க," என்று முதலில் சொன்னதே மனைவிதான்.

விற்பதற்குத் தரகர் வந்தார். சட்டைப்பையில் எந்நேரமும் பாக்குப் பொட்டலம், வாயில் எந்நேரமும் பேச்சு. வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டுச் சொன்னார்:

"காலி வீடுன்னு ஒருத்தனுக்குத் தெரிஞ்சா போதும் சார். முதல்ல குழாய் போகும். அப்புறம் ஒயர உருவிடுவான். அப்புறம் கதவையே கழட்டித் தோள்ல வெச்சுக்கிட்டுப் போவான். விக்கிற வரைக்கும் உள்ள ஒரு ஆள் படுத்திருக்கணும். எங்க தொழில்ல இதுதான் முதல் பாடம்."

கண்ணாடிக்காரர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். பெயின்ட் அடிக்க வந்தவனிடமே, "வேலை முடியற வரைக்கும் இங்கேயே படுத்துக்கப்பா," என்று சாவியைத் தூக்கிக் கொடுத்தார். அவன் மறுநாள் பாயோடு வந்தான். கொஞ்ச நாளில் ஸ்டவ் வந்தது. பிறகு டிவி வந்தது. பெயின்ட் வேலை மட்டும் முடிந்தபாடில்லை. ஒரு சுவரை அடித்து முடித்தால் எதிர்ச்சுவரைச் சுரண்டினான். அதை அடித்து முடித்தால் இது காயவில்லை என்றான். படுக்கையறைச் சுவர் ஒன்றைப் பாதியோடு நிறுத்தி அப்படியே வைத்திருந்தான். வேலை முடிந்தால்தானே கிளம்பவேண்டும்? எமகாதகன்! வீடு பார்க்க வருகிறவர்களை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, "மழை வந்தா கூடத்துல ஒழுகும், பாத்து வாங்குங்க," என்று அக்கறையாகச் சொல்லி அனுப்பினான்.

போதும் கிளம்பு என்று சொல்லப்போனதற்குத்தான் இந்த அறை.

அடி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போன கண்ணாடிக்காரர், படியில் தடுக்கி விழுந்துவிட்டதாக மனைவியிடம் சொன்னார். அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் மேஜையில் வைத்த கண்ணாடியை எடுத்துப் பார்த்தாள். ஒரு பக்கக் காம்பு வெளிப்புறமாக முறுக்கிக்கொண்டிருந்தது.

"விழுந்தா இப்படி வளையாதுங்க," என்றாள். "யாரு அறைஞ்சா?"

அவளை ஏமாற்ற முடியாது. அவர்கள் இருவருக்கும் பழக்கமானதே அப்படி வளைந்த ஒரு கண்ணாடியால்தான். அவளுடைய அம்மாவின் கண்ணாடி அடிக்கடி கடைக்கு வரும். கொண்டுவந்து நீட்டுகிற மகள் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பாள். அப்பன் கை ஓங்காத நாள் அந்த வீட்டில் கிடையாது. கண்ணாடிக்காரர் ஒன்றும் கேட்காமல், ஒன்றும் வாங்காமல் சரிசெய்து கொடுப்பார். ஒருநாள் அவராகவே கல்யாணப் பேச்சை எடுத்தபோது அவள் நேராகச் சொன்னாள்: "நீங்க பெரிய ஆளா இருக்கணும்னு ஆசையில்ல. கார் பங்களா வேண்டாம். அடிக்கிற ஆம்பளையோட மட்டும் என்னால ஒரே வீட்டுல மூச்சுவிட முடியாது. அது மட்டும் இல்லன்னா வாங்க, பண்ணிக்கலாம்." அவர் சிரித்துவிட்டார். பிறர் காதுமடல் வலிக்காமல் கண்ணாடி மாட்டுவதே தொழிலாக வைத்திருக்கிறவர் யாரை அடிக்கப்போகிறார்! இத்தனை வருஷத்தில் அவர் அவளை அதட்டியதுகூட இல்லை. தொடைநடுங்கி என்று உறவுக்காரர்கள் கேலி செய்வார்கள். அவள் அதை மெடல் மாதிரி மார்பில் குத்திக்கொண்டு திரிந்தாள்.

"போலீசுக்குப் போங்க," என்றாள் இப்போது.

போனார். ஸ்டேஷனில் இருந்தவர் பாதிக் கதையிலேயே கையைக் காட்டி நிறுத்தினார். "பூட்டை உடைச்சா உள்ள போனான்?"

"இல்லைங்க, சாவி குடுத்தேன்."

"யாரு குடுத்தது?"

"நான்தான்."

"அப்புறம் இங்க வந்து என்னய்யா பேசறீங்க? கோர்ட்டுக்குப் போங்க," என்று சொல்லிவிட்டு அவர் டீயை எடுத்துக்கொண்டார்.

தரகர் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "கோர்ட்டுக்குப் போனா உங்க பேரப்பிள்ளைங்க காலத்துல தீர்ப்பு வரும் சார். எனக்குத் தெரிஞ்ச பையன் ஒருத்தன் இருக்கான். மொட்டைன்னு பேரு. அடிக்கல்லாம் மாட்டான். சும்மா வந்து நின்னாலே போதும், எதிராளிக்குக் காய்ச்சல் வந்துடும்."

மனைவியிடம் சொல்லாமல் கண்ணாடிக்காரர் தலையை ஆட்டினார். அன்றைக்கு ஆட்டிய தலைதான், அதன் பிறகு நிமிரவில்லை.

மொட்டைக்குத் தலை நிறைய முடி இருந்தது. அப்புறம் ஏன் மொட்டை என்று அவனிடம் கேட்கிற துணிச்சல் யாருக்கும் வந்ததில்லை. ஒரு பகல் பொழுதில் இன்னும் இருவரோடு வந்தான். "நீங்க எதிர்க்கடையில நின்னு ஒரு சோடா குடிங்க சார், நீங்க பாக்கவேண்டிய விஷயமில்ல," என்றான். கண்ணாடிக்காரர் சோடாவைக் கையில் வாங்கிக்கொண்டு நின்றார். கேட் கிறீச்சிட்டது. கொஞ்ச நேரம் பேச்சுக்குரல். பிறகு டிவி விழுந்து உடைகிற சத்தம். பிறகு பெயின்டரின் ஏச்சு, வாய்க்கு வந்தபடி. பிறகு ஏச்சு நின்று, "வேணாம் மொட்ட, வேணாம், கை வேணாம்," என்று கெஞ்சல். கதவு ஓங்கிச் சாத்தப்படுகிற ஒரு சத்தம்.

அந்த அலறலைக் கேட்டு சோடாக் கடைக்காரர் கையிலிருந்த பாட்டிலைக் கீழே வைத்துவிட்டார். கதவிடுக்கில் வைத்துச் சாத்தியது வேறெதையும் அல்ல, பெயின்டரின் வலக்கை விரல்களை. அதுவும் இரண்டு முறை. பிறகு அவனைக் கேட்டுக்கு வெளியே எறிந்தார்கள். பாய், ஸ்டவ், துணிமூட்டை, பெயின்ட் டப்பா எல்லாம் பின்னாலேயே பறந்து வந்தன. டப்பா திறந்துகொண்டு தெருவெல்லாம் வெள்ளையாக ஓடியது. அதில் அவன் கையிலிருந்து சொட்டியது சிவப்பாக விழுந்தது. சட்டையைக் கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டு எழுந்தவன், எதிரே நின்ற கண்ணாடிக்காரரைப் பார்த்துவிட்டான்.

"சொல்லியிருந்தா போயிருப்பேனே சார்," என்றான். "இந்தக் கையால இனி எப்படி சார் பிரஷ் பிடிப்பேன்?"

சொன்னதற்கு அறை கொடுத்தவன் பேசுகிற பேச்சா இது? ஆனாலும் கண்ணாடிக்காரரால் அவன் கண்ணைப் பார்க்க முடியவில்லை. பாவம், வயிற்றுப்பாட்டுக்கான கை. அதெல்லாம் சரிதான். ஆனால் உண்மையையும் சொல்லிவிடவேண்டும்: அந்தக் கதவுச் சத்தம் கேட்ட நொடியில் அவருக்குள் ஒன்று குளிர்ந்தது. அறை வாங்கிய கன்னம் அன்றுதான் வலி விட்டது. வீட்டுக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டார், இரண்டாவது முறையும் சோறு கேட்டு வாங்கினார்.

"தானாவே போயிட்டானா?" என்று மனைவி கேட்டாள்.

"தானாவேதான். நல்லபடியா பேசினேன், புரிஞ்சுக்கிட்டான்."

அவள் முகம் மலர்ந்துபோயிற்று. "பாத்தீங்களா, பொறுமைக்கு ஒரு மரியாதை இருக்குதுங்க," என்று அவர் தட்டில் இன்னொரு கரண்டி வைத்தாள். அதையும் அவர் சாப்பிட்டார்.

மறுநாள் சாவியை வாங்கப் போனால், மொட்டை கூடத்தின் நடுவில் கட்டில் போட்டுப் படுத்திருந்தான்.

"நான் இன்னிக்குப் போனா அவன் நாளைக்கு வருவான் சார். நாலு பேரோட வருவான். கொஞ்ச நாள் நான் இருந்தாத்தான் அவனுக்குப் பயம் இருக்கும். எங்க தொழில்ல அதுதான் முறை," என்றான்.

ஒவ்வொருத்தனுக்கும் ஒரு தொழில், ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு முறை! கண்ணாடிக்காரர் மென்று விழுங்கிக்கொண்டு திரும்பினார். கொஞ்ச நாள் என்பது எத்தனை நாள் என்று அவனும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. மொட்டையைக் கொண்டுவந்து விட்ட தரகரோ, "அவன் கிட்ட நான் எப்படி சார் பேசறது, எனக்கும் குடும்பம் இருக்கே," என்று நழுவினார்.

இதற்கிடையே வீட்டைப் பார்க்க ஒரு டீச்சரம்மா வந்தார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை மேய்த்து ஓய்வு பெற்றவர், தனி ஆள், பின்கட்டில் செடி வைக்க இடம் கிடைத்தால் போதும் என்று வீடு தேடிக்கொண்டிருந்தார். அவரை அழைத்துக்கொண்டு கண்ணாடிக்காரர் உள்ளே நுழைந்தபோது மொட்டை வெறும் ஜட்டியோடு கட்டிலில் உட்கார்ந்து கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தான். எழுந்திருக்கவில்லை. வெட்டிய நகம் ஒன்று டீச்சரம்மாவின் காலடியில் வந்து விழுந்தது.

"யாருப்பா நீ?" என்று டீச்சரம்மா கேட்டார், வகுப்பில் கேட்கிற குரலில்.

"வீட்டுக்காரன்," என்றான் மொட்டை. பிறகு கண்ணாடிக்காரரைப் பார்த்துக் கண்ணடித்தான். "என்ன சார், நான் சொல்றது சரிதானே?"

கண்ணாடிக்காரர் வாயைத் திறந்தார். அவன் எழுந்து வந்து அவருடைய கண்ணாடியை இரண்டு விரலால் மெதுவாகக் கழற்றினான். தன் ஜட்டியில் துடைத்தான். மறுபடி அவர் மூக்கிலேயே மாட்டி, கன்னத்தைத் தட்டிக்கொடுத்தான். பெயின்டர் அறைந்ததாவது அறை. இது அதைவிடப் பெரிய அடி என்று டீச்சரம்மாவுக்கே தெரிந்தது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தெருவுக்கு வந்த பிறகு அவர் சொன்னார், "வீடு எனக்குப் பிடிச்சிருக்கு. பின்னால வெயில் நல்லா விழுது. உள்ள யாரும் இல்லாம குடுத்தீங்கன்னா நான் வாங்கிக்கறேன். அந்த ஆளோட எனக்கு வேண்டாம்பா."

அன்றிலிருந்து கண்ணாடிக்காரர் வேறு ஆளாக மாறத் தொடங்கினார். கடையில் ஒரு பெரியவருக்கு ஃபிரேம் மாட்டும்போது, "தம்பி, மெதுவா, காது பிஞ்சுடப் போகுது," என்று பெரியவர் கத்தவேண்டியதாயிற்று. இன்னொரு நாள் லென்ஸ் பொருந்தவில்லை என்று கையிலிருந்த ஃபிரேமை இரண்டாக உடைத்துச் சுவரில் எறிந்தார். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடித்தார். சோறு கொஞ்சம் குழைந்துபோனதற்குத் தட்டைத் தள்ளிவிட்டார். அது மேஜையைத் தாண்டிப்போய் விழுந்தது. அப்படி ஒரு சத்தம் அந்த மாடி வீட்டில் அதுவரை கேட்டதில்லை.

மனைவி தட்டை எடுத்தாள். தரையைத் துடைத்தாள். பிறகு அவர் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அந்த வீட்ட விட்டுடுங்க. போனா போகட்டும். எவன் வேணா இருந்துட்டுப் போறான்."

"அது என் வீடு."

"இதுவும் உங்க வீடுதான். இதுக்குள்ள நீங்க இப்படி நடந்தா எனக்குப் பயமா இருக்குங்க. நான் கட்டிக்கிட்ட ஆளைக் காணோம். அவர எனக்குத் திருப்பிக் குடுத்துடுங்க, வேற எதுவும் வேண்டாம்." சொல்லும்போது அவள் அழவில்லை. அதுதான் அவரை உலுக்கியது. அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, சரி, விட்டுவிடுகிறேன் என்று சொன்னார். சொன்னபோது அப்படித்தான் நினைத்தார். ஆனால் கண்ணை மூடினால் ஜட்டியில் கண்ணாடி துடைக்கிற அந்தக் கைதான் வந்து நின்றது. கன்னத்தைத் தட்டியிருக்கவேண்டாம் அவன். தட்டாமல் இருந்திருந்தால் ஒருவேளை விட்டிருப்பார்.

இரும்புக் கடையில் ஒரு சின்னக் கடப்பாரை வாங்கினார். "எதுக்கு சார், செடி வைக்கவா?" என்று கடைக்காரர் கேட்டதற்கு ஆமாம் என்றார். காலை வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கேட்டைத் திறந்தால் சத்தம் வரும் என்று பக்கத்துச் சந்து வழியாகப் பின்கட்டுச் சுவரேறிக் குதித்தார். இந்த வயதில், வேட்டைக்குப் போகிறவர் மாதிரி, தன் வீட்டுக்குள்ளேயே!

மொட்டை தொட்டியடியில் குளித்துக்கொண்டிருந்தான். தலை முகமெல்லாம் சோப்பு நுரை. கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரு சினிமாப் பாட்டைச் சீட்டியடித்தபடி செம்பைத் தேடித் தடவினான். பார்வை இல்லாமல் தடவுகிற அந்தக் கையைப் பார்த்தபோது கண்ணாடிக்காரருக்கு இரக்கம் வந்திருக்கவேண்டும். வந்தது வேறு. கடப்பாரையை இரண்டு கையாலும் பிடித்து அவன் முழங்காலில் போட்டார்.

எலும்பு உடைகிற சத்தம் சின்னதாகத்தான் இருந்தது. சீட்டி நின்றது. மொட்டை துவைக்கிற கல்லின் மேல் சரிந்தான். "யார்ரா? எவன்டா?" என்று நுரை வழியக் கத்தினான். கண்ணைத் திறந்தால் சோப்பு எரிகிறது. மூடினால் அடி எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை. இரண்டாவது அடி தோளில் விழுந்தது. மூன்றாவது விலாவில். கல்லின் விளிம்பில் அவன் முகம் மோதி, வாயிலிருந்து பல்லும் ரத்தமும் நுரையோடு கலந்து வழிந்தன. யார் என்று அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. தெரிந்த உடனே அவன் குரல் மாறிவிட்டது.

"சார்... சார், நீங்களா... போயிடறேன் சார். போதும் சார். அண்ணா, போதுண்ணா."

போதும்தான். அவன் கால் உடைந்துவிட்டது. இனி எழுந்து அடிக்கமாட்டான். போகிறேன் என்று சொல்லிவிட்டான். இதற்குத்தானே வந்தார்? அங்கே நிறுத்தியிருந்தால் இந்தக் கதையை வேறு மாதிரி சொல்லலாம். அவர் நிறுத்தவில்லை. போதும் என்று அவன் சொல்லச் சொல்ல இன்னும் போட்டார். அண்ணா என்று கூப்பிட்டதற்காகப் போட்டார். சோடாக் கடையில் நின்றதற்கும் ஸ்டேஷனில் டீ குடித்தவருக்கும் சேர்த்துப் போட்டார். கடைசி அடி குறி தவறிச் சுவரில் பட்டு, காரை பெயர்ந்து அவர் முகத்திலேயே தெறித்தது. அப்போதுதான் கை நின்றது. மூச்சு வாங்கியது. சிரிப்பு வந்தது. அடிவயிற்றிலிருந்து ஒரு சந்தோஷம், சின்ன வயதில்கூட அப்படி ஒன்றை அவர் அனுபவித்ததில்லை.

மொட்டை துண்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு, கூடத்தைக் கையாலும் ஒற்றைக்காலாலும் தவழ்ந்து கடந்து, கேட்டைத் திறந்தான். தெரு திரும்பிப் பார்த்தது. ஒருவரும் கிட்டே வரவில்லை. அவன் தெருமுனை வரை தவழ்ந்துபோய் ஒரு ஆட்டோவில் ஏறினான். ஏறும்போது திரும்பிப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடிக்காரர் அதை யோசித்தார். ஒன்றும் சொல்லாமல் போகிறவன்தான் திரும்பி வருவான்.

அதனால் அவர் அந்த வீட்டிலேயே தங்கிவிட்டார்.

ஆமாம், அவரேதான். மொட்டை விட்டுப்போன கட்டிலில், மொட்டையின் தலையணையில். மனைவிக்கு போன் செய்து, "அவன் போயிட்டான். திரும்பி வந்துடாம இருக்க நான் கொஞ்ச நாள் இங்க இருக்கணும்," என்றார். மறுமுனையில் அவள் "சாப்பாட்டுக்கு?" என்று மட்டும் கேட்டாள். பார்த்துக்கொள்கிறேன் என்றார். கடை பூட்டிக் கிடந்தது. முகம் மழிக்கவில்லை. தெருவில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் கடப்பாரையோடு எழுந்து ஜன்னலுக்கு ஓடினார். பந்து எடுக்க வந்த பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அவரைப் பார்த்துவிட்டுப் பந்தை அங்கேயே விட்டுவிட்டு ஓடின. தரகர் போனில் குதித்தார்: "பிரமாதம் சார்! டீச்சரம்மாவ கூட்டிட்டு வரேன். கையோட முடிச்சிடலாம்."

டீச்சரம்மா வருவதாகச் சொன்ன அன்றைக்கு, அவருக்கு முன்னால் கேட் கிறீச்சிட்டது. கண்ணாடிக்காரர் கட்டிலிலிருந்து துள்ளி எழுந்தார். கடப்பாரையை ஓங்கிக்கொண்டு கதவை உதைத்துத் திறந்தார். உதைத்த வேகத்தில் கதவு சுவரில் மோதி, நிலைக்கு மேலே இருந்த காரை பொலபொலவென்று கொட்டியது.

"எவன்டா அது?"

"நான்தாங்க," என்றாள் மனைவி. கையில் சாப்பாட்டுக் கேரியர். தலைமுடியிலும் தோளிலும் காரைத்தூள்.

அவர் கடப்பாரையைச் சுவரோரம் சாய்த்தார். அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். "சொல்லிட்டு வரக்கூடாதா?"

அவள் உள்ளே வந்தாள். கட்டிலைப் பார்த்தாள், ஜன்னலோரம் அடுக்கியிருந்த செங்கற்களைப் பார்த்தாள். அங்கே கிடந்த தட்டைக் கழுவலாம் என்று பின்கட்டுக்குப் போனவள் அங்கேயே நின்றுவிட்டாள். துவைக்கிற கல்லைக் கழுவியிருந்தார்தான். ஆனால் கல்லின் சொரசொரப்புக்குள் ஊறினது எங்கே போகும்? திரும்பி வந்து தட்டைக் கட்டிலில் வைத்தாள்.

"அவன எப்படிங்க அனுப்பினீங்க?"

"அனுப்பினேன். விடு."

"அடிச்சீங்களா?"

"பின்ன கொஞ்சுவாங்களா? மடியில போட்டுத் தாலாட்டுவாங்களா?" அவர் குரல் கூடத்தை நிறைத்தது. "எல்லாப் பயலும் என் தலையில ஏறி மிதிக்கணும், நான் கண்ணாடிய துடைச்சிக்கிட்டுப் பல்லைக் காட்டணும். அதானே உனக்கு வேணும்? அப்படி ஒரு புருஷன்தானே உனக்கு லட்சணம்?"

"கத்தாதீங்க," என்றாள், மிக மெதுவாக.

அந்த மெதுவான குரல் எப்படியோ உள்ளே போய்விட்டது. அவருக்கே தன் குரல் காதில் ஒலித்துக்கொண்டிருந்தது. இவளிடமா கத்தினோம்? இவளுக்கு யார் இருக்கிறார்கள் நம்மை விட்டால்? நெஞ்சு இளகியது. எப்படி மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை. அவள் நெற்றிக்கு மேலே முடியில் ஒரு காரைத் துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. எந்த நேரமும் கண்ணில் விழுந்துவிடும். அதைத் தட்டிவிடலாம் என்று கையைத் தூக்கினார்.

அவள் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டாள். கண்ணை இறுக்கி, முகத்தைத் தோளுக்குள் புதைத்து, சுவரோடு சுவராகச் சுருங்கினாள். கையிலிருந்த கேரியர் விழுந்து, அடுக்குகள் நாலாபக்கமும் உருண்டு ஓடின. எல்லாம் ஓடி நின்ற பிறகும் அவள் கையை எடுக்கவில்லை.

"ஐயையோ, இல்லம்மா..." அவர் தூக்கிய கையைச் சட்டென்று இறக்கினார். "காரை... தலையில காரை இருக்குது. எடுக்கத்தான்... சத்தியமா எடுக்கத்தான்."

அவள் மெல்லக் கைகளை இறக்கினாள். கொஞ்சம் சிரிக்கக்கூடச் செய்தாள். "தெரியுங்க. கண்ணுல தூசி விழுந்த மாதிரி இருந்துச்சு, அதான்," என்றாள். இத்தனை வருஷத்தில் அவள் அவரிடம் பொய் சொன்னதே இல்லை. பொய் சொல்ல அவளுக்கு அவசியம் இருந்ததில்லை.

வெளியே தரகரின் குரல் கேட்டது. "பாத்து வாங்கம்மா, படி இருக்கு. சார்! வந்துட்டோம் சார்!"

அவள் கேரியரை எடுக்கவில்லை. வாசலுக்குப் போக அவரைத் தாண்டித்தான் போகவேண்டும். சுவரை ஒட்டி, முதுகைக் காட்டாமல், பக்கவாட்டில் ஒவ்வோர் அடியாக எடுத்து வைத்தாள். ஓடினால் துரத்துவார் என்று நினைத்தவள் போல வேகமே காட்டவில்லை. அவள் கண் அவர் முகத்தில் இல்லை. கைகளைப் பார்த்துக்கொண்டே போனாள். வாசலில் டீச்சரம்மாவுக்கு ஒதுங்கி வழிவிட்டு, "உள்ள போங்கம்மா, வீடு நல்ல வீடுதான்," என்று சொன்னாள். தெருவில் இறங்கிய பிறகுதான் ஓடினாள்.

டீச்சரம்மா ஓடுகிறவளைப் பார்த்தார். உருண்டு கிடந்த கேரியர் அடுக்குகளைப் பார்த்தார். தாடியோடு நின்ற கண்ணாடிக்காரரை அவருக்கு அடையாளமே தெரியவில்லை. உள்ளே வைத்த காலை வெளியே எடுத்துவிட்டு, தரகரிடம் கேட்டார்:

"வீட்டுல ஆளே இல்லைன்னு சொன்னீங்களேப்பா. இது யாரு?"